ஒரு கயிற்றின் இரண்டு முனைகள்: காலிக் கோட்டையில் ஒரு நாள் நடை

 

பதிவு கொஞ்சம் நீளம். தேத்தண்ணி ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

டிசம்பர் விடுமுறைக்கு முந்திய வாரம். பத்தாம் தரத்துப் பிள்ளை ஒன்று, இத்தாலியில் வேலை செய்யும் மாமா அனுப்பியதென்று வெனிஸ் நகரத்துப் படங்களைப் பிரதி எடுத்துக்கொண்டு வந்தாள். "தண்ணிக்குள்ள ஊர் சேர். காரும் இல்ல, மோட்டார் சைக்கிளும் இல்ல. எல்லாரும் நடந்துதான் பார்க்கணுமாம். எங்கட நாட்டில இப்பிடி ஒண்டும் இல்லையே?"

"ஏன் இல்ல, காலிக் கோட்டை இருக்கு. ஒரு நாளைக்குள்ள முழுக்க நடந்து பார்க்கலாம்" என்றேன்.

"நீங்க போயிருக்கிறீங்களா சேர்?"

நான் போயிருக்கவில்லை. இருபது வருடமாக வரலாறு படிப்பிக்கிறேன். காலி பற்றிய கேள்விக்குப் புள்ளி போட்டிருக்கிறேன், காலில் மிதித்ததில்லை. அன்று இரவே தம்பிலுவிலில் இருக்கும் என் நண்பருக்குக் கோல் எடுத்தேன். அவரும் வரலாற்று ஆசிரியர், பயிற்சிக் கலாசாலையில் என் அறைத் தோழர். "மாஸ்டர், நானும் போனதில்ல" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு வெட்கப்பட்டோம்.

விடுமுறையில் ஒரு வெள்ளி இரவு வேனில் புறப்பட்டோம். எங்கள் பக்கம் மாரி மழை கொட்டிக்கொண்டிருந்தது. பொத்துவில், மொனராகலை, வெல்லவாய தாண்டி அம்பாந்தோட்டைக்கு இறங்கும்போது வானம் வெளுத்துவிட்டது. கிழக்கில் மாரி அடிக்கும் காலத்தில் தென்மேற்குக் கரை வெயில் காயும். அந்தக் காலத்துப் பாய்க்கப்பல்களை ஓட்டியதும், நம் துறைமுகங்களை நிரப்பியதும் வெறுமையாக்கியதும் இந்தக் காற்றுத்தான்.

சுபஹ் தொழுதுவிட்டு மாத்தறைக்குக் கொஞ்சம் முன்னால் தெவிநுவரவில் வண்டியை நிறுத்தச் சொன்னார் நண்பர். பழைய தமிழில் தேனவரை. இங்கே கடலைப் பார்த்தபடி ஒரு பெருங்கோயில் இருந்தது. 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா இந்த ஊரைத் 'தீனவர்' என்று எழுதியிருக்கிறார். ஆளளவு உயரமான பொன் சிலையைப் பற்றியும், கண்கள் இருந்த இடத்தில் பதித்திருந்த இரண்டு பெரிய மாணிக்கங்களைப் பற்றியும் சொல்கிறார். அந்தக் கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் இடித்து எரித்தார்கள். நண்பர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். நானும் நின்றேன்.

இப்னு பதூதா தீனவரில் இருந்து அடுத்துப் போனது காலிக்கு. 'காலி' என்றே எழுதுகிறார், சிறிய ஊர் என்கிறார். அங்கே இப்ராஹீம் என்ற முஸ்லிம் கப்பல் தலைவர் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்து விருந்து கொடுத்திருக்கிறார். அதாவது, கோட்டை கட்டுவதற்கு இரண்டரை நூற்றாண்டுக்கு முன்பே அந்தத் துறைமுகத்தில் வீடு வைத்து வாழ்ந்த ஒரு முஸ்லிமின் பெயர் நமக்குத் தெரியும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று நாம் வரிசையாக மனப்பாடம் செய்யும் கதை ஆரம்பிப்பதற்கு முன்னால் இருந்த கதை இது.

எட்டு மணிக்கெல்லாம் கோட்டை வாசலில் நின்றோம்.

வாசல் இரண்டு. பெரிய வாசல் பிரித்தானியர் 1873இல் திறந்தது. நாங்கள் பழைய வாசலால் போனோம். அந்த வாசலே ஒரு வரலாற்றுப் புத்தகம். வெளிப்பக்கம் மேலே பார்த்தால் பிரித்தானிய அரச சின்னம். உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னம், இரண்டு சிங்கங்கள், மேலே ஒரு சேவல், கீழே 1669 என்ற வருடம். புதிதாக வந்தவன் தன் பெயரை வெளியே மாட்டிக்கொண்டான், பழையவனின் பெயரை உள்ளே விட்டுவிட்டான்.

போர்த்துக்கேயரின் பெயர் அங்கே எங்கும் இல்லை. ஆனால் முதலில் வந்தவர்கள் அவர்கள்தான். 1505இல் லொரென்சோ த அல்மேதா மாலைதீவுப் பக்கமாகப் போகும் முஸ்லிம் வணிகக் கப்பல்களை மறிக்க வந்து, காற்றில் அடிபட்டு இந்தக் கரையில் ஒதுங்கினான் என்று படித்திருக்கிறோம். பிறகு 1640 மார்ச் 13ஆம் திகதி ஒல்லாந்தர் காலியைப் பிடித்தார்கள். தலைமை தாங்கியவன் வில்லெம் கொஸ்டர்.

இந்தப் பெயரை நம் பக்கத்துப் பிள்ளைகள் மறக்கக்கூடாது. காலிக்கு இரண்டு வருடத்துக்கு முன், 1638 மே மாதத்தில், ஒல்லாந்தர் முதலில் பிடித்த கோட்டை எங்கள் மட்டக்களப்புக் கோட்டை. வெஸ்டர்வோல்டுடன் சேர்ந்து அந்தப் போரை நடத்தியவனும் இதே கொஸ்டர்தான். காலியை வென்ற அதே வருடத்தில், கண்டி அரசனிடம் போய்த் திரும்பும் வழியில் கூட வந்த காவலர்கள் கையாலேயே செத்தான். அவன் பிறந்த கிராமத்தின் பெயர் அக்கெர்ஸ்லூட். காலிக் கோட்டையில் ஒரு கொத்தளத்துக்கு இன்றும் அந்தப் பெயர் இருக்கிறது. அதன் மேல் நின்றபோது நண்பர் சொன்னார்: "பாருங்க மாஸ்டர், வாவிக் கரையில தொடங்கின கதை இங்க வந்து முடியுது."

மதில் மேல் ஏறிச் சுற்றி வந்தோம். கரைப் பக்கமாக மூன்று பெரிய கொத்தளங்கள்: சூரியன், சந்திரன், நட்சத்திரம். மற்ற மூன்று பக்கமும் கடல். வெயில் ஏறுவதற்கு முன் சுற்றி முடிப்பது நல்லது, நாங்கள் படம் எடுக்க நின்று நின்று வெயிலில் வாடினோம். கரைப் பக்க மதிலில் இருந்து பார்த்தால் கீழே கிரிக்கெட் மைதானம், அப்பால் பஸ் நிலையம். 2004 டிசம்பர் 26 அன்று அந்தப் பஸ் நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்து பஸ்களைச் சுழற்றியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். மைதானமும் சிதைந்தது. ஆனால் மதிலுக்கு உள்ளே இருந்த ஊர் பெரும்பாலும் தப்பியது. பீரங்கிக் குண்டுக்குக் கட்டிய மதில் கடலைத் தடுத்தது.

எங்கள் கரையில் மதில் இருக்கவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் போனார்கள். மருதமுனையில் இருந்து தம்பிலுவில், திருக்கோவில் வரைக்கும் பெயர் சொல்லி அழாத வீடு குறைவு. இரண்டு பேரும் அந்த இடத்தில் அதிகம் பேசவில்லை. நான் பாத்திஹா ஓதினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

கீழே இறங்கினால் வாசலை ஒட்டி ஒல்லாந்தரின் நீண்ட பண்டகசாலை. இப்போது கடல்சார் நூதனசாலை. ஒரு காலத்தில் கறுவா மூட்டைகள் இங்கேதான் அடுக்கிக் கிடந்தன. 1659இல் இந்தக் குடாவில் மூழ்கிய அவொன்ட்ஸ்டர் என்ற கப்பலில் இருந்து சுழியோடிகள் எடுத்த பொருட்களைப் பற்றியும் அறிந்துகொண்டோம்.

இங்கேதான் எனக்கு அந்தப் பிள்ளையின் வெனிஸ் படம் திரும்ப ஞாபகம் வந்தது.

வெனிஸ் எப்படிப் பணக்கார நகரமானது? மிளகும் கறுவாவும் ஒரு முக்கிய காரணம். நம் கடலில் ஏற்றிய சரக்கை முஸ்லிம் வணிகர்கள் செங்கடல் வழியாக எகிப்துக்குக் கொண்டு போவார்கள். அலெக்சாந்திரியாவில் வெனிஸ்காரர் வாங்கி ஐரோப்பா முழுக்க விற்பார்கள். காலியில் விருந்து வைத்த இப்ராஹீமும், வெனிஸில் மாளிகை கட்டிய வியாபாரியும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆனால் ஒரே கயிற்றின் இரண்டு முனைகளைப் பிடித்திருந்தார்கள். 1498இல் வாஸ்கோ ட காமா ஆபிரிக்காவைச் சுற்றி வந்தது அந்தக் கயிற்றை அறுக்கத்தான். அல்மேதா நம் கப்பல்களை மறிக்க வந்ததும் அதற்குத்தான். கயிறு உடனே அறுந்துவிடவில்லை, நூறு வருடம் இழுபட்டது.

கோட்டைக்குள் லெய்ன் பான் வீதி என்று ஒன்று இருக்கிறது. ஒல்லாந்த மொழியில் கயிறு திரிக்கும் இடம் என்று அர்த்தம். பெயர்ப் பலகையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்து, நான் வருடக்கணக்காக ஒரே வரியில் முடித்துவிட்ட ஒரு விசயம். "காலி மும்மொழிக் கல்வெட்டு, 1409, சீனத் தளபதி செங் ஹோ." பிள்ளைகள் எழுதுவார்கள், நான் சரி போடுவேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் சொல்லிக் கொடுத்ததில்லை.

1911இல் காலி நகரத்தில் ஒரு மதகுக்கு மூடு கல்லாகக் கிடந்தபோதுதான் அதைக் கண்டெடுத்தார்கள். இப்போது கொழும்புத் தேசிய நூதனசாலையில் இருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. மூன்றும் ஒரே விசயத்தின் மொழிபெயர்ப்பு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை. தமிழில் தேனவரை நாயனாருக்கு, அதாவது நாங்கள் காலையில் நின்ற அந்தக் கோயிலின் தெய்வத்துக்கு. பாரசீகத்தில் அல்லாஹ்வின் பெயரால் முஸ்லிம்களுக்கு. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று நீளும் பட்டியல்கள் மூன்றிலும் ஏறக்குறைய சமம். ஒருவருக்குக் கூட, ஒருவருக்குக் குறைய என்று இல்லை.

கொண்டு வந்த செங் ஹோ யார்? யுன்னான் மாகாணத்தில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனார் ஹாஜியார் என்று அழைக்கப்பட்டவர்.

இதை இனிப்பாக மட்டும் சொல்லிவிட்டுப் போகக்கூடாது. அதே செங் ஹோ 1411இல் இங்கே போர் செய்து அழகேஸ்வரனைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டு போனார். பெரிய வல்லரசு பரிசும் கொண்டு வரும், படையும் கொண்டு வரும். ஆனாலும் அந்தக் கல் ஒன்றைச் சாட்சி சொல்கிறது. 600 வருடத்துக்கு முன் இந்தத் துறைமுகத்துக்கு வந்த ஒருவர், இங்குள்ளவர்களை மதிக்க வேண்டுமென்றால் மூன்று பேரையும் சமமாக மதிக்க வேண்டும் என்று விளங்கி வைத்திருந்தார். அந்தக் கல்லை நாம் மதகுக்கு மூடியாகக் கவிழ்த்துப் போட்டிருந்தோம்.

இனி நம்முடைய தெருக்களுக்கு வருவோம். பெட்லர் வீதி என்று இன்று எழுதியிருக்கும் வீதிக்கு ஒல்லாந்தர் வைத்த பெயர், சோனகச் சில்லறை வியாபாரிகளின் தெரு என்று பொருள்படும். கிழக்கில் இருக்கும் நமக்கும் அந்தத் தெருவுக்கும் உறவு இருக்கிறது. 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு இடம் கொடுத்தான். அவர்களில் சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. நாம் எல்லோரும் அப்படி வந்தவர்கள் அல்ல, அதற்கு முன்பும் இந்தக் கரையில் முஸ்லிம்கள் இருந்தார்கள். ஆனால் நம்மில் யாரோ சிலரின் மூத்த வாப்பா தென்மேற்குக் கரையில் வீட்டைப் பூட்டிவிட்டு, காடும் மலையும் கடந்து இங்கே வந்தவர். வந்தவர்களுக்குப் பக்கத்து ஊர்த் தமிழர் வயலும் வாய்க்காலும் பங்கு வைத்தார்கள். குடிமுறையும் தாய்வழி வீடும் இன்றைக்கும் இரண்டு பேருக்கும் பொதுவாக இருக்கிறது.

ஒல்லாந்தர் காலத்திலும் சுகம் இல்லை. ஊழியம் என்ற கட்டாய வேலை, செய்யாவிட்டால் அதற்குப் பணம். இத்தனைக்கும் பிறகு முஸ்லிம்கள் காலிக் கோட்டைக்குள் நிலைத்தார்கள். மாணிக்கம், நகை, சில்லறை வியாபாரம், கப்பல் பயணிகளுக்குச் சாமான் விற்பது என்று வாழ்ந்தார்கள். கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்பு 1880களில் கட்டி முடியும்வரை பெரிய நீராவிக் கப்பல்கள் நின்றது காலியில்தான். 1850இல் இருந்து, தந்திக் கம்பி வரும்வரை, காலிக்குக் கப்பலில் வந்த செய்திகளைப் புறாவின் காலில் கட்டிக் கொழும்புப் பத்திரிகைக்கு அனுப்பினார்கள். துறைமுகம் கொழும்புக்குப் போன பிறகு காலி தூங்கிவிட்டது. தூங்கியதால்தான் யாரும் இடித்துப் பெரிதாகக் கட்டவில்லை. 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை நகரமாக அறிவித்தபோது ஊர் முழுதாக இருந்தது.

லுஹருக்கு மீரான் ஜும்ஆப் பள்ளிவாசலுக்குப் போனோம். வெளிச்ச வீட்டுக்கு நேர் எதிரே, வெள்ளை வெளேரென்று. பிறையைக் காணாவிட்டால் கத்தோலிக்கத் தேவாலயம் என்றுதான் நினைப்பீர்கள். இத்தாலியிலும் போர்த்துக்கலிலும் தேவாலயங்களைக் கட்டும் அதே பாணி, இரண்டு பக்கமும் கோபுரம். 1904இல் கட்டியது. நண்பர் வெளியே மர நிழலில் இருந்தார். உள்ளே தொழுதுவிட்டு வந்தால், ஒரு பெரியவர் அவருக்கு இடம் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் அக்கரைப்பற்று, தம்பிலுவில் என்றதும் முகம் மலர்ந்தது. சுனாமிக்குப் பிறகு சாமான் லொறியோடு எங்கள் பக்கம் வந்தாராம்.

"இப்ப எத்தன சஃப் நிறையுது காக்கா?" என்று கேட்டேன்.

அவர் கையை நீட்டித் தெருவைக் காட்டினார். "அந்த வீடு ஹோட்டல். அதுக்குப் பக்கத்து வீடு வெளிநாட்டுக்காரர்ட. அது கோப்பிக் கடை. விலை கேட்டு வந்தாங்க, நாங்க நினைச்சுப் பார்க்காத காசு. பிள்ளைகள் நாலு பேருக்குப் பங்கு வைக்கணும், ஒரு வீட்ட நாலா உடைக்க ஏலாது, சட்டம் விடாது. வித்தாங்க. நான் பிழை சொல்லமாட்டன். நானும் ஒரு நாள் விப்பன் போல." பிறகு மெதுவாகச் சொன்னார்: "மதிலுக்கு ஒண்டும் ஆகாது தம்பி. பாங்கு சொல்ல ஆள் வேணும்."

வெனிஸில் நடப்பதும் இதேதான். அந்தப் பழைய நகரத்தில் 1951இல் ஏறக்குறைய 175,000 பேர் வாழ்ந்தார்கள். இப்போது 50,000கூட இல்லை. வீடுகள் விடுதிகளாகிவிட்டன. 2024 ஏப்ரலில் இருந்து, கூட்டம் கூடும் நாட்களில் ஒரு நாள் பார்க்க வருபவர்களிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். ஊருக்குள் போக ரிக்கற். கயிற்றின் இரண்டு முனைகளுக்கும் ஒரே வருத்தம். ஒரு காலத்தில் கறுவாவை விற்றார்கள், இப்போது வீட்டை விற்கிறார்கள்.

நான் அந்தப் பெரியவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன் என்று எழுதினால் பொய். எனக்கு என் உம்மாவின் வீடு ஞாபகம் வந்தது. சுண்ணாம்புச் சுவர், மரத் தூண், முன் விறாந்தை, உள் முற்றத்தில் கிணறு. நம் வழக்கப்படி அது தங்கச்சிக்குப் போனது. "பழசு, மாப்பிள்ளை வீட்டார் பார்த்தால் குறைவு" என்று நான்தான் முன்னின்று இடித்தேன். தூண்களை விறகுக்குக் கொடுத்தேன். ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. எந்த வெளிநாட்டுக்காரனும் வந்து விலை பேசவில்லை, நானே செய்தேன். காலியில் வீடுகள் இருக்கின்றன, ஆட்கள் போய்விட்டார்கள். எங்கள் ஊர்களில் ஆட்கள் இருக்கிறோம், வீடுகளையும் கதைகளையும் போக்கிவிட்டோம்.

அஸருக்குப் பிறகு மதில் மேல் கடைசியாக ஒரு தடவை நடந்தோம். பொடியன்கள் பட்டம் விட்டார்கள். சூரியன் கடலுக்குள் இறங்கியது. நாங்கள் கடலில் சூரியன் உதிக்கப் பார்த்து வளர்ந்தவர்கள், மறைவதைப் பார்ப்பது புதுமையாகத்தான் இருந்தது. நண்பர் சொன்னார்: "மாஸ்டர், அடுத்த தவணையில அந்தக் கல்வெட்டை ரெண்டு பள்ளிக்கூடத்திலயும் ஒரே நாளில படிப்பிப்பம். மூன்று மொழியில யாருக்கு என்ன எழுதியிருக்கு எண்டு சேர்த்து."

படிப்பித்தோம். அவர் தம்பிலுவிலில், நான் இங்கே. வெனிஸ் படம் கொண்டு வந்த பிள்ளை எழுந்து கேட்டாள்: "சேர், எங்கட ஊரில பழைய கல்லு ஏதும் இருக்கா?"

அவளுக்குப் பதில் சொல்ல உங்கள் உதவி வேண்டும். பழைய பள்ளிவாசலின் தூண், தர்ஹா, கிணற்றுக் கட்டு, கோயில் வீதிக் கல், பழைய உறுதி, கொப்பி, குடிப் பெயர் எழுதிய ஏடு, எது இருந்தாலும் சரி. முஸ்லிம் வீடா தமிழ் வீடா என்று இல்லை. இடிக்க முதல், எரிக்க முதல், ஒரு படம் எடுத்து வையுங்கள். மூத்தம்மா இருந்தால் பக்கத்தில் இருந்து கேட்டு எழுதுங்கள். கவிழ்த்துப் போட்டிருக்கும் கல்லை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்.

வசதி உள்ளவர்கள் பிள்ளைகளைக் காலிக்குக் கூட்டிப் போங்கள். கோட்டைக்குள் நடக்கக் காசு கேட்கமாட்டார்கள். காலையில் போங்கள், தொப்பியும் தண்ணியும் கொண்டு போங்கள், லுஹரை மீரான் பள்ளியில் தொழுங்கள்.

ஒரு சஃப் கூட நிறையட்டும். வஸ்ஸலாம்.